டிப்ஸ் சம்பளமாகுமா?

மாட்டுங்காவில் சிறிய டிபன் கடை வைத்திருக்கும் நண்பருக்கு மாதாமாதம் சம்பளக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். ரயில்வேயில் மஸ்டர் ரோல் பார்த்துப் பழகிய கை. போன மாதம் அவர் கேட்டார்: "சப்ளையர்களுக்கு டிப்ஸே நிறைய வருகிறது சார், அதைச் சம்பளத்தில் கழித்துக் கொண்டால் என்ன?"

கூடாது என்றேன். டிப்ஸ் வாடிக்கையாளர் மனமுவந்து தருவது. முதலாளி தன் கையிலிருந்து கொடுக்காத பணத்தைக் கூலிக்கு ஈடாகக் காட்டுவது எப்படி நியாயம்? குறைந்தபட்சக் கூலியை அவர் முழுதாகத் தந்தாக வேண்டும்.

கார்டு மூலம் வந்த டிப்ஸை ஓட்டல் நிர்வாகம் வாங்கி ஊழியர்களுக்குப் பங்கிட்டாலும் அது சம்பளமாகாது, அதற்குச் சம்பள வரி பிடிக்க வேண்டியதில்லை என்று 2016-ல் ஐ.டி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரியே கிடையாது என்று எண்ணிவிட வேண்டாம். வாங்குபவர் கணக்கில் அது இதர வருமானம்.

சர்வீஸ் சார்ஜ் வேறு விஷயம். அதை ஓட்டல்கள் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதித்தது. 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம் அதைச் சரியென்றது. சின்னக் கடைக்கு இந்த வம்பே வேண்டாம்.

உண்மையான சிக்கல் இப்போது மொபைலில் பணம் கட்டுவதால் வருகிறது. பில் 180 ரூபாய். வந்தவர் 200 அனுப்பிவிட்டு, "மீதி தம்பிக்கு" என்று போய்விடுகிறார். அந்த 20 ரூபாய் கடையின் பாங்குக் கணக்கில் விழுகிறது, விற்பனையோடு கலந்து மறைந்தும் விடுகிறது. அதனால் பேரேட்டில் டிப்ஸுக்குத் தனிப் பத்தி போட்டேன். அன்றன்றே எழுத வேண்டும். வாரக் கடைசியில் யோசித்து எழுதினால் ஊழியர் பணம்தான் குறையும்.

பங்கீடு வேலை செய்த நாள் கணக்குப்படி. ஐந்து பேரில் நால்வர் ஆறு நாளும் ஒருவர் நாலு நாளும் வந்தால் மொத்தம் 28 பங்கு. பெட்டியிலும் பாங்கிலுமாக 1,680 ரூபாய் சேர்ந்திருந்தால் பங்குக்கு 60. ஆறு நாள் வந்தவருக்கு 360, நாலு நாள் வந்தவருக்கு 240. சரக்கு மாஸ்டரும் மேஜை துடைக்கும் பையனும் இந்த ஐவரில் சேர்த்தி. சப்ளையர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். சாம்பார் ருசியில்லாவிட்டால் யார் டிப்ஸ் வைப்பார்கள் என்று கேட்டேன். வாங்கியதற்கு ஒவ்வொருவரிடமும் கையெழுத்து உண்டு.

"கல்லாவில் உட்காரும் எனக்கு?" என்றார் நண்பர்.

முதலாளிக்குப் பங்கு கிடையாது என்றேன். சிரித்துக்கொண்டே காபி வரவழைத்தார்.