கைமுதலும் கையெழுத்தும்

ஏழை என்பவர் யார்? கையில் பொருள் இல்லாதவர் என்று நாம் எளிதில் விடை கூறிவிடுகிறோம். அது பாதி விடையே. பாடுபட்டும் உரிய கூலி பெறாமல், கேட்டாலும் மதிப்பார் இல்லாமல் வாழ்பவரின் வறுமை இன்னும் கொடியது. பொருள் இழந்தவருக்குப் பொருளைக் கொடுக்கலாம். மதிப்பை இழந்தவருக்கு எதைக் கொடுப்பது? இக்கேள்விக்கு அகமதாபாத் நகரத்து உழைக்கும் பெண்கள் கண்ட விடையை இங்கே காண்போம்.

அகமதாபாத் துணி ஆலைகளுக்குப் பேர்பெற்ற நகரம். ஆலைத் தொழிலாளருக்கு அங்கே 1920-லேயே சங்கம் ஏற்பட்டது. ஆனால் துணிச் சந்தையில் தலைச்சுமை தூக்கிய பெண்களுக்கோ, தெருவோரம் காய்கறி விற்றவர்களுக்கோ சங்கமில்லை. சுமை தூக்கும் பெண்களின் அவல நிலையைப் பற்றி எலா பட் என்னும் வழக்கறிஞர் செய்தித்தாளில் எழுதினார். வணிகர்கள் அதை மறுத்து, தாங்கள் நியாயமாகவே நடந்துகொள்வதாகச் செய்தி வெளியிட்டனர். அந்தச் செய்தியையே அட்டைகளில் அச்சிட்டுப் பெண்களிடம் கொடுத்தார்கள். வணிகர் சொன்ன சொல்லைக் கொண்டே வணிகரிடம் நியாயம் கேட்க முடிந்தது!

1972-இல் 'சேவா' என்னும் சுயதொழில் பெண்கள் சங்கம் உருவாயிற்று. இவர்களுக்கு முதலாளி இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம் என்று அதிகாரிகள் முதலில் பதிவு செய்ய மறுத்தனர். சங்கம் என்பது ஒருவரை எதிர்ப்பதற்கு மட்டுமன்று, ஒன்றுபடுவதற்கும்தான் என்று எடுத்துரைத்துப் பதிவு பெற்றனர்.

அடுத்த தடை கடன். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காய்கறி விற்கும் பெண் ஒருத்தி காலையில் 50 ரூபாய் கடன் வாங்கி, மாலையில் 55 ரூபாயாகத் திருப்பித் தருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நாள் வட்டி 5 ரூபாய்தான். ஆண்டில் 300 நாள் வியாபாரம் செய்தால் வட்டி மட்டும் 1,500 ரூபாய்! 50 ரூபாய் கைமுதல் இல்லாத குறைக்கு அவள் கொடுக்கும் விலை அது. அவள் உழைக்காமல் இல்லை. உழைப்பின் பயன் வேறொருவர் வீட்டுக்குப் போகிறது.

வங்கிகளோ இத்தகைய பெண்களுக்கு எளிதில் கடன் தரவில்லை. ஆகவே 1974-இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குப் பணம் போட்டுத் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்கினர். பலர் எழுதப் படிக்க அறியாதவர். எனவே ஆளை அடையாளம் காண நிழற்படத்தைப் பயன்படுத்தினர். வங்கியைப் பதிவு செய்வதற்காக அதன் முன்னோடிப் பெண்கள் தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். அதுவரை கைநாட்டு வைத்த கை கையெழுத்திட்டது.

எலா பட் அம்மையார் 2022-இல் மறைந்தார். சங்கமும் வங்கியும் இன்றும் நடைபெறுகின்றன. ஒன்று கூடுதல், தம் பெயரில் சேமித்தல், கூலியைக் கேட்டுப் பெறுதல் ஆகிய மூன்றும் அப்பெண்களை நிமிரச் செய்தன. இவற்றுள் எதுவும் பிச்சையன்று.

மாணவிகளாகிய நாம் செய்யத்தக்கது என்ன? பெரிய கடைகளில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, கூடைக்கார அம்மாவிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோமே, அதை நிறுத்தலாம். நம் வீட்டில் வேலை செய்பவரைப் பெயரும் மரியாதையும் சேர்த்து அழைக்கலாம். அவர் விரும்பினால் கையெழுத்திடக் கற்றுக்கொடுக்கலாம். நாம் கற்ற எழுத்து இன்னொருவர் பெயரையும் எழுதட்டும்.