மிஷின் எண்ணெயா, மெக்கானிக்கா?

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான்தான். ஆனால் அகல்விளக்கும் பியூஸ் கட்டையும் செய்கிற இதே ஊரில், ஜாக்கெட் தைத்தும் ஃபால்ஸ் அடித்தும் குடும்பம் நடத்துகிற பெண்களும் இருக்கிறார்கள். சொந்தக் காசில் மிஷின் வாங்கியவர்கள் உண்டு. சமூக நலத் துறையின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவசமாக வாங்குகிறவர்களும் உண்டு. மிஷின் எப்படியோ வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதைப் பராமரிக்கும் வித்தை மட்டும் பக்கத்து வீட்டு வாய்மொழியாகவே வருகிறது. அதில் பாதி சரி, பாதி தப்பு.

“எண்ணெய் எதுவானால் என்ன, வழவழப்பாக இருந்தால் போதும்.” போதாது. சமையல் எண்ணெய்கள் காற்றுப் பட்டுப் பிசினாகும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். மறுநாள் மிதித்தால் சக்கரம் கனக்கும். மண்ணெண்ணெய் அந்தப் பிசினைக் கரைக்கத்தான் உதவும், உராய்வைக் குறைக்காது. அதை விட்டால் நன்றாகத் துடைத்துவிட்டு மிஷின் எண்ணெய் போட்டே ஆக வேண்டும். கடையில் சின்னப் பாட்டிலில் விற்கும் அந்த நிறமில்லாத எண்ணெய்க்குப் பதில் வேறு கிடையாது.

“நிறைய விட்டால் நிறைய நாள் வரும்” என்பதும் வீண் செலவு. ஒரு துளைக்கு ஒரு சொட்டு. கறுப்பு மிஷினின் தலையைப் பின்னால் சாய்த்தால் அடியில் அசையும் மூட்டுகள் தெரியும். அங்கும் ஒவ்வொரு சொட்டு. ஷட்டில் ஓடும் வளையத்தில் ஒன்று. பெல்ட்டிலும் டென்ஷன் தட்டுகளிலும் மட்டும் படவே கூடாது. பிறகு ஒரு பழந்துணியை ஓட்டிவிட்டால் வாடிக்கையாளர் ஜாக்கெட்டில் கறை விழாது. நாள் முழுக்கத் தைப்பவர் தினமும், எப்போதாவது தைப்பவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பது பழைய கறுப்பு மிஷின்களுக்கான கணக்கு. புது எலக்ட்ரானிக் மாடல்கள் சிலவற்றில் நாம் எண்ணெயே விடக்கூடாது. கூட வரும் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு சங்கதி உண்டு. பீங்கான் கலவையில் களிமண்ணோடு குவார்ட்ஸும் கலந்திருக்கும். குவார்ட்ஸ் சாதாரண எஃகைவிடக் கடினமானது. அந்தத் தூசி எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாளின் வேலையைச் செய்யும். உள்ளே இருக்கும் இரும்பு தேயும். ஆகவே பட்டறைப் பக்கம் குடியிருப்பவர்கள் தைத்து முடித்ததும் மிஷினை மூடி வைக்க வேண்டும். எண்ணெய் விடும் முன் துளையைச் சுற்றித் துடைக்க வேண்டும். ஊசித்தகட்டைக் கழற்றிப் பற்களுக்கிடையே சேர்ந்த பஞ்சைப் பிரஷ்ஷால் எடுங்கள். வாயால் ஊதினால் பஞ்சு உள்ளேதான் போகும், எச்சிலின் ஈரமும் கூடப் போகும்.

அதிகம் பேரைக் கடைக்கு அலைய வைப்பது இன்னொரு நம்பிக்கை: “துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சுற்றுகிறது, பாபின் கேஸ் போச்சு.” பெரும்பாலும் பாபின் கேஸ் மேல் குற்றமே இல்லை. மேல்நூலை இழுத்துப் பிடிக்க ஆள் இல்லாததால்தான் அது அடியில் தொங்குகிறது. துணியை அழுத்திப் பிடிக்கும் பூட்டை (பிரஷர் ஃபுட்) தூக்கிய நிலையில்தான் டென்ஷன் தட்டுகள் விலகி இடம் கொடுக்கும். பூட்டை இறக்கிவிட்டுக் கோத்தால் நூல் தட்டுகளுக்கு வெளியிலேயே நின்றுவிடும். பூட்டைத் தூக்கி, முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். அதற்குப் பின்னும் கொத்து விழுந்தால் மற்றதை யோசிக்கலாம்.

“ஊசி உடைந்தால்தான் மாற்ற வேண்டும்.” ஊசிக்குச் செலவு சில ரூபாய்; மழுங்கிய ஊசி பட்டில் இழுத்துவிடும் ஒரு இழைக்கு ஈடு கட்ட எத்தனை ஜாக்கெட் தைக்க வேண்டும்! டக் டக் என்று சத்தம் கேட்டாலோ தையல் விட்டு விட்டு விழுந்தாலோ முதலில் ஊசியை மாற்றுங்கள். மெல்லிய பட்டுக்கு 11, ஜாக்கெட் துணிக்கு 14, கெட்டித் துணிக்கு 16, ஜீன்ஸுக்கு 18. வீட்டு மிஷின் ஊசியின் தலையில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். எதிர்ப்பக்கம் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். நூல் எந்தப் பக்கமிருந்து நுழைகிறதோ அந்தப் பக்கம் பள்ளம் இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் ஒரு தையல்கூட விழாது. அதற்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காசு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் சர்வீஸே வேண்டாமா? வேண்டும். கெட்டியான மடிப்பில் ஊசி முறிந்து, புது ஊசி போட்டும் தையல் பிடிக்கவில்லை என்றால் டைமிங் நகர்ந்திருக்கலாம். ஊசி அடிமட்டம் தொட்டு 2 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக மேலேறும் அந்த நொடியில் ஷட்டிலின் மூக்கு வந்து நூல் வளையத்தைப் பிடிக்க வேண்டும். அதைக் கைப்பழக்கம் உள்ளவர்தான் சரிசெய்ய முடியும். யூடியூப் பார்த்து ஸ்குரூவைத் திருகினால் செலவு இரண்டு மடங்காகும். மோட்டாரில் தீய்ந்த வாடை வந்தாலோ, மிஷின் உடம்பைத் தொட்டால் ஷாக் அடித்தாலோ உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். “வருஷா வருஷம் சர்வீஸ் கட்டாயம்” என்று யாராவது சொன்னால், எதற்கு என்று கேளுங்கள். சுத்தமாக வைத்து எண்ணெய் விட்டு ஓட்டும் கறுப்பு மிஷினுக்குக் கோளாறு வந்தால் மட்டும் சர்வீஸ் போதும், காலண்டர் பார்த்துப் போக வேண்டியதில்லை.

கடைக்கு எடுத்துப் போகும்போது தகராறு செய்கிற துணியையும் நூலையும் ஊசியையும் கூடவே கொண்டுபோங்கள். உங்கள் கண்ணெதிரே அதிலேயே தைத்துக் காட்டச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம் பணத்தைக் கொடுங்கள்.