இருபது ஓநாய்களும் நாற்பது வேடர்களும்

ஒரு கணக்குடன் தொடங்குவோம்.

ஒரு கற்பனைக் காட்டில் இருபது ஓநாய்கள் திரிகின்றன. ஒரு வேடன் ஒரு ஓநாயுடன் போரிட்டு அதை வீழ்த்த இரண்டு நிமிடம் ஆகிறது. வீழ்ந்த ஓநாய் ஐந்து நிமிடம் கழித்து அதே இடத்தில் மீண்டும் உயிர் பெற்று எழுகிறது. ஒருவருக்கொருவர் இடைஞ்சல் இல்லாமல் இந்தக் காட்டில் எத்தனை வேடர்கள் வேட்டையாடலாம்?

இருபது ஓநாய்க்கு இருபது வேடர் என்று சொல்லத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். ஐந்து வேடர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்த நேரத்தில் பார்த்தாலும் ஐந்து ஓநாய்கள் போரில் இருக்கும். இரண்டு நிமிடத்துக்கு ஐந்து ஓநாய்கள் வீழ்கின்றன. எனவே ஐந்து நிமிடத்தில் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று ஓநாய்கள் வீழ்ந்து கிடக்கும். ஆக மொத்தம் பதினேழோ பதினெட்டோ கணக்கில் வந்துவிட்டன. மிச்சம் இரண்டு அல்லது மூன்று. ஆறாவது வேடர் வந்தால் போரில் ஆறு, வீழ்ந்தவை பதினைந்து. மொத்தம் இருபத்தொன்று வேண்டும். இருப்பதோ இருபதுதான். ஆகவே ஆறாவது ஆள் வந்தவுடனேயே யாராவது ஒருவர் அவ்வப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

இனி நாற்பது வேடர்கள் வந்தால்? ஒவ்வோர் ஓநாயும் இரண்டு நிமிடம் போரிட்டு, ஐந்து நிமிடம் கிடந்து, ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை மட்டுமே கிடைக்கும். ஒரு மணி நேரத்தில் இருபது ஓநாய்களும் சேர்ந்து சுமார் 171 முறைதான் வீழ முடியும். ‘பத்து ஓநாய்களை வீழ்த்தி வா’ என்று ஒவ்வொரு வேடருக்கும் பணி கொடுத்திருந்தால் 400 ஓநாய்கள் தேவை. தனியாக ஆடியவர் இருபது நிமிடத்தில் முடிக்கும் வேலை, கூட்டத்தில் 2 மணி 20 நிமிடம் இழுக்கும்!

இது வெறும் பயிற்சிக் கணக்கு அன்று. இணையத்தின் வழியே ஆயிரக்கணக்கானோர் ஒரே கற்பனை உலகில் புகுந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டுகளை உருவாக்குவோர் அன்றாடம் போடும் கணக்கு இதுதான். பரமபதத்தில் நான்கு பேர் ஆடினாலும் ஏணிகள் குறைந்துவிடுவதில்லை. ஒருவர் ஏறிய ஏணி அடுத்தவருக்கும் இருக்கும். ஆனால் பலர் கூடும் உலகில் ஒருவர் எடுத்ததை மற்றவர் எடுக்க முடியாது. இந்தச் சிக்கலுக்கு ஒவ்வொரு விளையாட்டும் என்ன விடை கண்டது என்று ஒப்பிட்டுப் பார்த்தால், அந்த விளையாட்டின் உள்ளமைப்பே நமக்கு விளங்கிவிடும்.

இவ்வகை விளையாட்டின் மூலவர் 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தார். ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற மற்றொரு மாணவர் வளர்த்த ‘மட்’ என்னும் விளையாட்டு அது. படம் கிடையாது, ஒலி கிடையாது. கணிப்பொறித் திரையில் எழுத்துகள் மட்டுமே. அங்கே ஆடியவர்கள் சிலர்தாம்; ஆகவே ஓநாய்ப் பஞ்சம் பெரிதாகத் தெரியவில்லை.

பஞ்சம் வெளிப்படையாகத் தெரிந்தது 1997-ல் வெளிவந்த ‘அல்டிமா ஆன்லைன்’ விளையாட்டில். அதன் அமைப்பாளர்கள் அழகான ஓர் எண்ணம் கொண்டிருந்தார்கள். நீங்கள் உயிரியல் பாடத்தில் படிக்கும் உணவுச் சங்கிலியையே கற்பனை உலகில் அமைத்துவிட்டால் என்ன? புல்லை ஆடு தின்னும். ஆட்டை ஓநாய் தின்னும். ஆடு குறைந்தால் பசித்த ஓநாய் ஊர்ப்புறம் வரும். அதைத் தடுக்க ஆட்டக்காரர்கள் புறப்படுவார்கள். யாரும் எழுதித் தராமலே கதைகள் தாமாக விளையும் அல்லவா? எண்ணம் நன்று. நடந்தது வேறு. ஆட்டக்காரர்கள் ஆடு, ஓநாய் என்று பாராமல் கண்ணில் பட்ட அனைத்தையும், அவை தோன்றும் வேகத்தைவிட விரைவாக வெட்டித் தள்ளினார்கள். சங்கிலி ஓடத் தொடங்குவதற்கே வழியில்லை. கடைசியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. உண்மைக் காட்டில் இரையைவிட வேட்டை விலங்குகளின் தொகை எப்போதும் குறைவு என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். இங்கே வேட்டையாடுவோர் தொகையைக் கட்டுப்படுத்தும் பசியும் இல்லை, நிலையான மரணமும் இல்லை. சூழலியல் எப்படிக் குலையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான செய்முறை கிடைப்பது அரிது!

1999-ல் வந்த ‘எவர்குவெஸ்ட்’ பஞ்சத்தைத் தீர்க்க முயலவில்லை. அரிய பொருள் தரும் அரக்கன் ஒருவன் நெடுநேரத்துக்கு ஒருமுறை தோன்றுவான். அவன் வரும் இடத்தில் ஆட்டக்காரர்கள் முகாமிட்டுக் காத்திருந்தார்கள். யார் முதலில் வந்தவர், அடுத்தது யார் என்று தாங்களே பட்டியல் எழுதி வரிசை வைத்துக்கொண்டார்கள். ரேஷன் கடை வரிசையை எண்ணிக்கொள்ளுங்கள். காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலை ஏது? பேசினார்கள், பழகினார்கள். இன்றைக்கும் அந்த விளையாட்டைப் பற்றி அன்புடன் பேசுவோர் பலர் அந்தக் காத்திருப்பில் கிடைத்த நட்பையே நினைவுகூர்கிறார்கள். சலிப்புக்கும் ஒரு பயன் இருந்தது என்பது வேடிக்கைதான்.

2004 நவம்பரில் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ வேறு வழியைப் பெரிய அளவில் கையாண்டது. முக்கியமான குகைகளுக்கு அது படி எடுத்துவிட்டது. ஐந்து பேர் கொண்ட குழு குகைக்குள் நுழைந்தால் அவர்களுக்கென்றே ஒரு தனிப் படி உருவாகும். அதே வாயிலில் அடுத்த குழு நுழைந்தால் அவர்களுக்கு இன்னொரு படி. ஒரு பாடப்புத்தகத்தை நூலகத்தில் வரிசையில் நின்று படிப்பதற்கும், ஆளுக்கொரு பிரதி அச்சிட்டுத் தருவதற்கும் உள்ள வேறுபாடு இது. பஞ்சம் தீர்ந்தது. ஆனால் குகைக்குள் எதிர்பாராத அயலார் எவரையும் சந்திக்க முடியாது. பலர் கூடும் உலகம் என்ற பெயருக்குக் கொஞ்சம் பொருள் குறைந்துவிட்டது.

என் கருத்தில் மிக நயமான விடை, 2012-ல் வந்த ‘கில்ட் வார்ஸ் 2’ கொடுத்ததுதான். அங்கே ஒரு சுரங்கத்தில் தாது இருந்தால் ஒவ்வொருவர் கண்ணுக்கும் அது தனித்தனியாக இருக்கிறது. நீங்கள் வெட்டி எடுத்தாலும் எனக்குக் குறையாது. ஓர் ஊரைக் கொள்ளையர் தாக்கினால், அவ்வழியே போகும் எவரும் கூடச் சேர்ந்து போரிடலாம். கை கொடுத்த ஒவ்வொருவருக்கும் பரிசு உண்டு. ஆட்கள் கூடக்கூடக் கொள்ளையரின் தொகையும் வலிமையும் கூடும். இதன் விளைவைக் கவனியுங்கள். பழைய விளையாட்டுகளில் தூரத்தில் ஒருவர் வருவதைக் கண்டால், ‘ஐயோ, போட்டிக்கு ஆள் வந்துவிட்டான்’ என்று தோன்றும். இங்கே ‘அப்பாடா, துணைக்கு ஆள் வந்தது’ என்று தோன்றும். மனிதர்கள் அதே மனிதர்கள்தாம். பங்கீட்டு விதி ஒன்று மாறியதால் அவர்கள் நடத்தை மாறியது. குறையும் இல்லாமல் இல்லை. பெருங்கூட்டம் சேர்ந்தால் யார் என்ன செய்தார் என்றே தெரியாது. ஓரமாக நின்று ஓரிரு அடி அடித்தவருக்கும் பரிசு கிடைத்துவிடும்.

ஐஸ்லாந்து நாட்டில் உருவாகி 2003-ல் வெளிவந்த ‘ஈவ் ஆன்லைன்’ பஞ்சத்தையே கதையாக்கிக்கொண்டது. விண்வெளியில் தாது குறைவு. வேண்டுமானால் அடித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது. சீனாவுக்கான தனி உலகம் நீங்கலாக, எல்லோரும் ஒரே அண்டத்தில் ஆடுகிறார்கள். 2014 ஜனவரியில் ஒரு கூட்டணி ஒரு விண்மண்டலத்தின் உரிமைக்காகக் கட்டவேண்டிய தொகை தவறிப்போனதால் போர் மூண்டது. ஏறத்தாழ 7,500 பேர் கலந்துகொண்ட அந்தப் போர் சுமார் 21 மணி நேரம் நீடித்தது. ‘டைட்டன்’ என்னும் மாபெரும் கப்பல்கள் மட்டும் 75 அழிந்தன.

இங்கே கணிப்பொறிக்கு ஒரு தொல்லை உண்டு. ஓர் இடத்தில் பத்துப் பேர் இருந்தால், ஒவ்வொருவரின் அசைவையும் மற்ற ஒன்பது பேருக்குச் சொல்ல வேண்டும், 90 செய்திகள். நூறு பேர் என்றால் 9,900. ஆயிரம் பேர் என்றால் 9,99,000. ஆட்கள் பத்து மடங்கானால் வேலை ஏறத்தாழ நூறு மடங்காகிறது. எந்தச் சர்வர் தாங்கும்? அந்த அமைப்பாளர்கள் கண்ட வழி சுவையானது. கூட்டம் மிகுந்தால் அந்த இடத்தில் காலத்தையே மெதுவாக்கிவிடுகிறார்கள். அந்தப் பெரும்போரில் விளையாட்டின் கடிகாரம் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓடியது. ஒரு நொடியில் நடக்கவேண்டியது பத்து நொடியில் நடந்தது. ஆனால் எல்லோருக்கும் சமமாக!

ஓநாய்களை இத்துடன் விடுவோம். இன்னொரு கணக்கு உங்கள் நேரத்தைப் பற்றியது. இந்த விளையாட்டுகளில் பாத்திரம் படிப்படியாக ‘நிலை’ உயரும். இங்கிலாந்தில் உருவான ‘ரூன்ஸ்கேப்’ (2001) விளையாட்டில் ஒரு திறமை 2-ஆம் நிலையை அடைய 83 அனுபவப் புள்ளிகள் போதும். 99-ஆம் நிலைக்கு மொத்தம் 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். ‘92-ஆம் நிலைக்கு வந்துவிட்டேன், இன்னும் ஏழுதானே’ என்று ஒருவர் மகிழ்ந்தால் அவரிடம் இந்த எண்ணைக் காட்டுங்கள்: 92-ஆம் நிலைக்கான மொத்தப் புள்ளிகள் 65,17,253. அதாவது அவர் இருப்பது சரிபாதியில்! கடைசி ஒரு படிக்கு மட்டும் 12,28,825 புள்ளிகள். ஏழு நிலைகளுக்கு ஒருமுறை தேவை ஏறத்தாழ இருமடங்காகும்படி அமைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படியும் முந்தியதைவிடச் சுமார் பத்து விழுக்காடு பெரிது. இது நீங்கள் கணக்குப் பாடத்தில் படிக்கும் பெருக்குத் தொடரேதான். தொடக்கத்தில் நிமிடத்துக்கொரு வெற்றி. பழகிய பிறகு வாரக்கணக்கில் உழைப்பு. எந்த இடத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்ய விரும்புகிறவர் இந்த அட்டவணையை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

எண்களைப் போலவே சொற்களும் வேலை செய்கின்றன. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ சோதனைக் காலத்தில், நெடுநேரம் தொடர்ந்து ஆடுபவருக்குப் புள்ளிகள் பாதியாகும்படி வைத்திருந்தார்கள். ஓய்வெடுக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். தண்டனை என்று ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். அமைப்பாளர்கள் பெயர்களை மாற்றினார்கள். முன்பு ‘முழுப் புள்ளி’ என்றிருந்தது ‘ஓய்வெடுத்தவருக்கு இருமடங்கு’ என்றானது. ‘பாதி’ என்றிருந்தது ‘வழக்கமான அளவு’ என்றானது. கணக்கு ஏறத்தாழ பழைய கணக்கே. எல்லோரும் மகிழ்ந்தார்கள்! அடுத்த முறை கடையில் ‘சிறப்புத் தள்ளுபடி’ என்ற பலகையைக் காணும்போது இது உங்கள் நினைவுக்கு வரக்கூடும்.

அதே விளையாட்டில் 2005 செப்டம்பர் 13-ல் தொடங்கிய ஒரு நிகழ்ச்சியையும் சொல்லியாக வேண்டும். புதிதாகத் திறந்த ஒரு குகையில் ஹக்கார் என்ற அரக்கன், தன்னுடன் போரிடுவோர்மீது ஒரு நோயை ஏவுவான். அது அருகில் நிற்பவருக்கும் தொற்றும். குகைக்குள் மட்டுமே இருக்கவேண்டிய நோய். ஆனால் வேடர்களின் வளர்ப்பு விலங்குகளுக்கும் அது தொற்றியது. விலங்கை நோயுடன் அனுப்பிவிட்டுப் பிறகு நகரத்தில் அழைத்தால், நோயும் கூடவே வந்தது. நகரத்துக் கடைக்காரர்கள் கணிப்பொறி இயக்கும் பாத்திரங்கள். அவர்கள் சாகாமல் நோயைப் பரப்பிக்கொண்டே நின்றார்கள். வலிமை குறைந்த புதியவர்கள் நொடியில் மாண்டார்கள். தெருவெல்லாம் எலும்புக்கூடுகள். சிலர் மருத்துவம் செய்ய ஓடினார்கள், சிலர் ஊரைவிட்டு ஓடினார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். கடைசியில் சர்வர்களை நிறுத்தித் திருத்தவேண்டியதாயிற்று. தொற்றும் நோய் என்ற விதியில் பிழையில்லை. வளர்ப்பு விலங்கு என்ற விதியிலும் பிழையில்லை. இரண்டும் சந்தித்த இடத்தில்தான் கொள்ளைநோய் பிறந்தது. எரிக் லோஃப்கிரென், நீனா ஃபெஃபர்மன் ஆகிய இருவரும் இதை ஆராய்ந்து 2007-ல் ஒரு மருத்துவ ஆய்விதழில் கட்டுரையே எழுதினார்கள்.

இவற்றை நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் ஒரு நோட்டுப் புத்தகமும் கடிகாரமும் போதும். ஏதேனும் இரண்டு விளையாட்டுகளை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் மட்டும் ஆடுங்கள். நடந்து சென்ற நேரம், போரிட்ட நேரம், காத்திருந்த நேரம், பிறருடன் பேசிய நேரம் ஆகியவற்றைத் தனித்தனியே குறியுங்கள். பணம் கேட்ட இடங்களை எண்ணுங்கள். அது எத்தனையாவது நிமிடத்தில் முதலில் கேட்டது என்பதையும் எழுதுங்கள். பணம் கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளில் சிலவற்றை பெல்ஜியம் நாடு 2018-ல் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது.

அதிர்ஷ்டம் என்றதும் ஒரு செய்முறை. ஓர் அரிய வாள் நூற்றுக்கு ஒருமுறை கிடைக்கும் என்றால், நூறு முறை முயன்றால் கட்டாயம் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒருமுறை கிடைக்காமல் போகும் நிகழ்தகவு 0.99. நூறு முறையும் கிடைக்காமல் போவது 0.99-ஐ நூறு முறை பெருக்கினால் வருவது, சுமார் 0.366. ஆயிரம் பேர் முயன்றால் 366 பேர் வெறுங்கையுடன் திரும்புவர். முந்நூறு முறை முயன்றபின்னும் 49 பேருக்குக் கிடைத்திராது.

நம்பிக்கை வரவில்லையா? கணிப்பொறியே வேண்டாம், வகுப்பிலேயே செய்யலாம். ஆளுக்கு இரண்டு ஆறுமுகப் பகடைகளை எடுத்துக்கொண்டு 36 முறை எறியுங்கள். இரண்டிலும் ஆறு விழுந்தால் வாள் கிடைத்ததாகக் கொள்ளுங்கள். முப்பது பேர் எறிந்தால் பதினொரு பேர் அளவில் வாள் இல்லாமல் நிற்பார்கள். அடுத்து விதியை மாற்றுங்கள்: 35 முறையும் விழாதவருக்கு 36-ஆம் எறிதலில் வாள் நிச்சயம். இப்போது ஒரு வாளுக்குத் தேவைப்படும் எறிதல்களின் சராசரி 36-லிருந்து சுமார் 23 ஆகக் குறையும். பரிசை இவ்வளவு தாராளமாகக் கொடுக்க விரும்பாத அமைப்பாளர், சராசரி 36 ஆகவே இருக்கவும் வேண்டும், யாரும் வெறுங்கையுடன் போகவும் கூடாது என்றால் விதியை எப்படி மாற்றுவார்? கரும்பலகையில் போட்டுப் பாருங்கள்.