மிதக்கும் கப்பல் முறியுமா?

ஒரு கப்பலின் பக்கவாட்டில் ஓட்டை விழுந்துவிட்டது. ஆனால் அது மூழ்கவில்லை. ஆபத்து நீங்கிவிட்டது எனலாமா? கூடாது. மிதப்பது வேறு, முறியாமல் தாங்குவது வேறு.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். நீண்ட ரப்பர் துண்டு ஒன்றை, அதன் நடுப்பகுதி கீழே தாழுமாறு இரு கைகளாலும் வளையுங்கள். அடிப்பரப்பு நீள்கிறது; மேற்பரப்பு சுருங்குகிறது. இடையில் ஓர் அடுக்கு நீள்வதுமில்லை, சுருங்குவதுமில்லை. எனவே தகைவு மிகுதியாக இருப்பது மேலும் கீழும்தான். அடிப்பரப்பின் நடுவே சிறிது கீறிவிட்டு மீண்டும் வளையுங்கள். கீறல் வாய் பிளப்பதைக் காண்பீர்கள்.

கப்பலும் இத்தகைய உத்திரமே. அதன் மொத்த எடையும் மிதப்பு விசையும் சமம். ஆனால் ஒவ்வோர் இடத்திலும் அவை சமமாக இருப்பதில்லை. நடுவில் எடை மிகுந்தால் கப்பலின் நடுப்பகுதி தாழ்ந்து வளையும். அப்போது மேல்தளத்தில் அமுக்கமும் அடித்தளத்தில் இழுவிசையும் தோன்றும்.

2002 நவம்பர் 13 அன்று ஸ்பெயின் நாட்டின் கலீசியக் கடற்கரைக்கு அப்பால் 'பிரெஸ்டீஜ்' என்னும் எண்ணெய்க் கப்பல் புயலில் சேதமுற்றது. 1976-ல் கட்டப்பட்ட அக்கப்பலின் நீளம் 243 மீட்டர்; அதில் சுமார் 77,000 டன் எண்ணெய் இருந்தது. வலப்பக்கத் தொட்டிகளில் கடல்நீர் புகவே கப்பல் சாய்ந்தது. இடப்பக்கத்து வெற்றுத் தொட்டிகளில் நீரை நிரப்பிச் சாய்வைச் சரிசெய்தனர். கவிழும் ஆபத்து தணிந்தது. ஆனால் நடுப்பகுதியின் எடை இருபுறமும் கூடிவிட்டதல்லவா? வளைக்கும் திருப்புத்திறன் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியது. பக்கத் தகடுகளோ ஏற்கெனவே பிய்ந்திருந்தன. கரையை விட்டு விலக்கி இழுத்துச் செல்லப்பட்ட அக்கப்பல், நவம்பர் 19 அன்று இரண்டாக முறிந்து மூழ்கியது. 60,000 டன்னுக்கு மேற்பட்ட எண்ணெய் கடலில் கலந்தது.

நீர் நிரப்பியது தவறு என்று எளிதில் கூறிவிட முடியாது. நிரப்பாவிடில் கப்பல் கவிழ்ந்திருக்கலாம். இரு ஆபத்துகளையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பதே இதன் பாடம்.

எப்படிக் கணக்கிடுவது? முதலில், எந்தத் தொட்டியில் எவ்வளவு நீரும் எண்ணெயும் உள்ளன என்று அறிந்து, ஒவ்வோர் இடத்திலும் உள்ள திருப்புத்திறனைக் காண்பார்கள். அலைகளால் விளைவதையும் அதனுடன் சேர்ப்பார்கள். அடுத்து, கிழிந்த தகடுகளை நீக்கிவிட்டு, எஞ்சிய பகுதியின் வலிமையை மதிப்பிடுவார்கள். எஞ்சிய வலிமையே பெரிதாக இருக்க வேண்டும். இக்கணக்கை விரைந்து செய்து தரும் கரையோரக் கணிப்பொறி வசதி, 5,000 டன்னும் அதற்கு மேலும் சுமக்கும் எண்ணெய்க் கப்பல்களுக்கு இன்று பன்னாட்டு விதிப்படி கட்டாயம்.

சிந்தியுங்கள்: நடுவில் நீர் புகுந்த கப்பலுக்கு, அலையின் முகடு நடுவில் வந்தால் நல்லதா, பள்ளம் வந்தால் நல்லதா?