படத்தைக் கொடுங்கள், உரிமையைக் கொடுத்துவிடாதீர்கள்

“அண்ணை, இஞ்ச எங்கட படத்துக்கு ஆர் காசு தருவினம்?” கனடாவுக்கு வந்து வரைந்து பிழைக்க நினைக்கும் இளையவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். தருவார்கள். ஊரில் பழகிய கை இங்கேயும் கைகொடுக்கும். புதிதாகப் பழக வேண்டியவை இரண்டு: இந்த நாட்டின் வெளிச்சம், இந்த நாட்டின் கொடுக்கல் வாங்கல்.

வெளிச்சத்தைக் கவனியுங்கள். யாழ்ப்பாணத்து உச்சிவெயிலில் நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும். ரொறன்ரோவிலோ டிசம்பர் கடைசியில் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 23 பாகைதான் ஏறும். ஓர் ஆளின் நிழல் அவர் உயரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் நீளும். தெளிந்த நாளில் பனிமேல் விழும் அந்த நிழலில் வானத்து நீலம் இறங்கியிருக்கும். கறுப்பைக் கலந்தால் அது அழுக்காகத் தெரியும். அல்ட்ராமரீன் நீலத்தை நன்றாக இளக்கி, துளி பழுப்புச் சேர்த்துப் பாருங்கள். உறைகுளிரில் நீர்வண்ணம் தாளிலேயே உறைந்துவிடும். வெளியில் பென்சிலால் குறித்துக்கொண்டு, வீட்டில் வந்து வண்ணம் தீட்டுங்கள்.

சிறுவர் நூல்களுக்கு வரைய விரும்பினால் பார்த்துப் பழகுங்கள். கொலேஜ் வீதியில் லில்லியன் எச். ஸ்மித் நூலகத்தில் ஓஸ்போர்ன் சேகரிப்பு இருக்கிறது. பழைய சிறுவர் நூல்களை அங்கே காசில்லாமல் பார்க்கலாம். படக்கதை நூல் பெரும்பாலும் 32 பக்கம். அதற்குள் ஒரே பிள்ளை ஓடும், அழும், முதுகு காட்டித் தூங்கும். எந்தப் பக்கத்திலும் அது அதே பிள்ளையாகவே தெரிய வேண்டும். பதிப்பாசிரியர்கள் அதைத்தான் தேடுவார்கள். ஆகவே மாதிரிப் படத் தொகுப்பில் இருபது அழகான தனிப்படங்களைவிட, ஒரே பாத்திரம் வரும் ஐந்தாறு படங்கள் அதிகம் பேசும். பனைமரமும் கிடுகு வேலியும் அதில் இருக்கட்டும். அவற்றை உங்களைப் போல் வரைய இங்கே அதிகம் பேர் இல்லை.

இனி காசு விஷயம். நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் இதுதான். சம்பளத்துக்கு வேலை செய்பவராக இல்லாமல் தனியாக வரைபவருக்கு, படம் வரைந்த கணமே பதிப்புரிமை சொந்தமாகிவிடும். கனடாவில் அது வாழ்நாளோடு மேலும் 70 ஆண்டுகள் நிற்கும். மூலப்படத்தை விற்றாலும் உரிமை உங்களிடமே இருக்கும். எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால்தான் அது கைமாறும். ஆகவே ஒப்பந்தத்தில் எந்த நூலுக்கு, எந்த நாட்டில், எத்தனை ஆண்டுக்கு என்று வரையறுத்து அனுமதி மட்டும் கொடுங்கள். இன்று அட்டைப்படமாக இருப்பது நாளை நாட்காட்டியாகவோ பாடநூலிலோ வரலாம். அப்போது அதற்குத் தனியாகக் கூலி வர வேண்டும்.

விற்பனைக்கல்லாமல் பொதுக் கண்காட்சியில் வைக்கும் படத்துக்கும் கட்டணம் கேட்கும் உரிமை 1988 முதல் சட்டத்தில் உண்டு. கார்ஃபாக் என்ற ஓவியர் அமைப்பு குறைந்தபட்சக் கட்டண அட்டவணையை வெளியிடுகிறது. விலை பேசுமுன் அதைப் பாருங்கள். நூலகங்களில் உள்ள நூல்களுக்காகப் பொது இரவல் உரிமைத் திட்டம் ஆண்டுதோறும் பணம் தருகிறது. குடியுரிமை இல்லாவிட்டாலும், நிரந்தர வதிவுரிமை உள்ள ஓவியர் தம் நூலைப் பதிவு செய்யலாம்.

ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று வாய்மூடி இருக்காதீர்கள். புரியாத வரியை எழுத்தில் விளக்கித் தரும்படி கேளுங்கள். நல்ல பதிப்பகம் அதற்காக வேலையைப் பறிக்காது. விளக்க மறுக்கிற இடத்தில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வருவதுதான் உங்களுக்கு நல்லது.