தாட்பூட் கொடியும் அதன் காய்ப்பும்

தாட்பூட் கொடி ஏராளமாகப் பூத்தும் காய் பிடிப்பதில்லையென்று மிராசுதார்களிற் சிலர் குறைபடுவதுண்டு. எருவின் குறையென்றெண்ணிப் பணத்தை விரயஞ் செய்யுமுன், பூவின் இயல்பை ஆராய்தல் நலம்.

தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இக்கொடியின் கனிச்சாறு பானங்களுக்கு உதவுவது. நம் வேலிகளிற் படரும் சிறுபூனைக்காலியும் இதன் இனமே. ஊதாக்கனி வகை நீலகிரி, கொடைக்கானல், குடகு போன்ற மலைநாடுகளுக்கும், மஞ்சட்கனி வகை தாழ்ந்த நிலங்களுக்கும் ஏற்றவை. முன்னதன் மலர் விடியலில் விரிந்து நண்பகலிற் கூம்பும். பின்னதன் மலர் நண்பகலில் விரிந்து இரவிற் கூம்பும்.

மலரின் நடுவே மகரந்தப் பைகள் ஐந்தும், அவற்றின்மேல் சூல்முடிகள் மூன்றும் உள. ஊதாவகை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். மஞ்சள்வகைக்கோ வேறொரு கொடியின் மகரந்தம் வேண்டும். ஒரு கொடியின் துண்டுகளைப் பல இடங்களில் நட்டாலும், அவை இவ்விஷயத்தில் ஒரே கொடியாம். இம்மகரந்தம் கனமும் பிசுபிசுப்பும் உடையதாதலின் காற்றிற் பறவாது. உலர்ந்த மரத்தைத் துளைத்து வாழும் பெரிய கருவண்டே அதை முதுகிற் சுமந்து செல்லும். பந்தற்காலைத் துளைக்கிறதென்று அதைக் கொல்பவர் தம் விளைவையே இழப்பர்.

ஆகையால், மஞ்சள்வகையைப் பயிரிடுவோர் வெவ்வேறு கொடிகளின் விதைக்கன்றுகளைக் கலந்து நடுக. தோட்டத்தோரத்துப் பட்டமரங்கள் சிலவற்றை வெட்டாது விடுக. பூ விரிந்துள்ள வேளையிற் பூச்சிமருந்து தெளித்தலாகாது. வண்டு குறைவாயின், பிற்பகலில் ஒரு கொடியின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் எடுத்து, மற்றொரு கொடியின் சூல்முடிகள் மூன்றிலும் தடவுக. இவ்வேலையை மறுநாளைக்கு ஒத்திவைத்தல் கூடாது. மலரின் ஆயுள் ஒரு நாளே.