விறகுக்குப் போகும் மரத்தில் சமையல் பலகை

கடத்தூர்ப் பக்கம் புளியும் மாவும் நம் வரப்பு மரங்கள். வயதான புளியமரம் காற்றில் சாய்ந்தால் விறகு வியாபாரி வருவார், மொத்தமாக ஒரு விலை பேசுவார், மரம் செங்கல் சூளைக்கு லாரி ஏறிவிடும். அதே மரத்தின் அடித்துண்டுதான் கறிக்கடையில் வருசக்கணக்காக வெட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறது. காய் அரியவும் பலகாரம் பரிமாறவும் கையால் இழைத்த பலகையை நகரத்தில் தேடி வாங்குகிறார்கள். ஆகவே எடைக்குப் போடுமுன் மரத்தின் குணத்தைப் பார்ப்போம்.

எந்த மரம் எப்படி?

புளி: கனம், கடினம். வெளிப்பகுதி வெளுப்பு, முதிர்ந்த மரத்தில் மட்டும் நடுவில் கருஞ்சிவப்பு வைரம் இருக்கும். வெட்டுக்கட்டைக்கு இதுதான் ராஜா. வெள்ளைப்பகுதியில் பூச்சி துளைக்கும். அறுத்ததும் காயவைக்க வேண்டும்.

வேம்பு: பூச்சி அவ்வளவாக அண்டாது. நார் பின்னி ஓடுவதால் இழைப்புளிக்குச் சுலபத்தில் பணியாது. பச்சையில் கசப்பு வாடை உண்டு; நன்றாகக் காய்ந்தால் குறையும்.

பலா: இழைக்க இதமானது. புதிதில் மஞ்சள், போகப்போகப் பழுப்பு. பரிமாறும் பலகைக்கு அழகு.

மா: இளக்கமான மரம், நீரை இழுக்கும். மழைக்காலத்தில் வெட்டிப் போட்டால் பூசணம் பிடித்துக் கறுக்கும். உலர்ந்த பலகாரம் வைக்க ஆகும், வெட்டுவதற்கு வேண்டாம்.

வாகை: மரச்செக்குக்குப் பேர்போனது, உறுதியானது. அறுக்கும்போது தூள் தும்மலை வரவழைக்கும். மூக்கில் துணி கட்டுங்கள்.

எட்டி, அரளி இரண்டும் நஞ்சு. உணவு படும் எதற்கும் தொடவே கூடாது.

அறுப்பும் காய்ச்சலும்

கறிக்கடைக் கட்டை மரத்தைக் குறுக்கே அறுத்த வட்டம். கத்தி நாரை அறுக்காமல் நார்களுக்கு இடையே இறங்குகிறது. கட்டையும் தாங்குது, கத்தியும் சீக்கிரம் மழுங்காது. பரிமாறும் பலகைக்கு நீளவாட்டில் அறுத்தால் போதும். ரேகை தெரியும், எடையும் குறைவு.

அறுத்த பலகையின் இரு முனையிலும் சாணம் அல்லது மெழுகு பூசுங்கள். முனை வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும். நிழலில், தரையைத் தொடாமல், இடையிடையே குச்சி வைத்து அடுக்குங்கள். ஓர் அங்குலப் பலகைக்கு ஏறக்குறைய ஒரு வருடம். ஒரே பலகையை மாதாமாதம் எடை போட்டு எழுதி வாருங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது என்று கணக்கு.

பூச்சு

நஞ்சில்லாமல் விளைந்த காயை வார்னிஷ் அடித்த பலகையில் அரிவதில் அர்த்தமில்லை. உப்புத்தாள் போட்டபின் 4 பங்கு தேங்காய் எண்ணெய்க்கு 1 பங்கு தேன்மெழுகு உருக்கித் தேயுங்கள். கடலை எண்ணெய் காறிப்போகும், வேண்டாம்.

மரத்தில் கிருமி தங்காதா என்று வாங்குபவர் கேட்பார். 1990களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் குழு இதை ஆராய்ந்தது. மரப்பலகையில் விட்ட கிருமிகள் உள்ளே இறங்கி, பெருகாமல் மடிந்தன. கத்திக்கீறல் விழுந்த பிளாஸ்டிக் பலகைதான் கையால் கழுவச் சிரமமாக இருந்தது. ஆனாலும் கறிக்கு ஒன்று, காய்க்கு ஒன்று என்று தனித்தனியாக வைக்கச் சொல்லுங்கள். கழுவி, நிமிர்த்தி, நிழலில் உலர்த்த வேண்டும், ஊறவைக்கக் கூடாது.

எல்லை எது?

பலகைக்காக நிற்கும் மரத்தை வெட்ட வேண்டாம். காய்க்கிற புளி வருடா வருடம் தருவதைப் பலகை ஒருமுறைகூட ஈடுகட்டாது. சாய்ந்தது, பட்டுப்போனது, கவாத்தில் வந்த பருத்த கிளை, இவை போதும். சாலையோர, புறம்போக்கு மரம் நம்முடையதல்ல. சந்தனம் நம் நிலத்தில் நின்றாலும் வனத்துறை அனுமதி வேண்டும்.

அடுத்த முறை மரம் சாய்ந்தால் வியாபாரிக்குப் போன் போடுமுன் ஊர் ஆசாரியைக் கூப்பிட்டு அடித்துண்டைக் காட்டுங்கள். பலகைக்கு ஆகும் துண்டை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை விறகுக்குக் கொடுக்கலாம்.